நாற்பதில் ஒன்று, நாலில் ஒன்று

2005 ரமலான். பத்தாம் நோன்போ பதினொன்றோ, சரியாக நினைவில்லை. பொள்ளாச்சியிலிருந்து அம்மா போன் செய்தார்.

"கண்ணு, உன்ற நகைக்கு வருசம் முடிஞ்சுருச்சு. ஜகாத்துக் கணக்குப் போட்டயா?"

எனக்குத் திக்கென்றது. போன வருடம் ஷஃபான் மாதத்தில் கல்யாணம். வீட்டில் போட்டது முப்பத்தைந்து பவுன். அது என் பெயரில் இருக்கும் சொத்து என்பதும், பிறைக் கணக்கில் ஒரு வருடம் ஆனதும் அதற்கு ஜகாத், அதாவது ஏழைகளுக்கான கட்டாய தர்மம், கடமையாகும் என்பதும் தெரியாத விஷயமல்ல. ஏழாவது வயதிலிருந்து மதரஸாவில் ஒப்பித்தவள்தான்: கலிமா, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ். ஐந்து விரலை மடக்கி ஐந்தையும் சொல்வோம். நாலாவது விரலை மடக்கும்போது அது யாரோ பணக்காரர்களுடைய கடமை என்றுதான் தோன்றும். அன்றைக்கு அது என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கணக்கு எளிது. நாங்கள் பின்பற்றும் ஹனஃபி சட்டப்படி தங்கத்தின் குறைந்தபட்ச வரம்பு, அதாவது நிஸாப், 87.48 கிராம். ஏறக்குறைய பதினொரு பவுன். அந்த அளவை எட்டிவிட்டால் இருப்பது முழுவதற்கும் நாற்பதில் ஒரு பங்கு. முப்பத்தைந்து பவுன் என்றால் 280 கிராம். நாற்பதால் வகுத்தால் ஏழு கிராம். அன்றைய விலையில் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். என் கையில் நானூறு ரூபாய் இருந்தது. அப்போது எனக்கு வேலை கிடையாது.

ஜகாத் நகைக்குச் சொந்தக்காரியின் கடமை. புருஷன் விரும்பினால் அவள் சம்மதத்தோடு கட்டலாம். கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. சரி, கம்மல் ஒரு ஜோடியை விற்றுவிடலாம் என்று எடுத்து வைத்தேன். அதை மாமியார் பார்த்துவிட்டார். அவரை நான் உம்மா என்றுதான் கூப்பிடுகிறேன்.

"என்னா மோளே இது? கல்யாணம் ஆயி ஒரு கொல்லம்தான் ஆச்சு, அதுக்குள்ள நகை விக்கறதா?"

சொன்னேன். அவர் முகத்தில் வந்தது கோபமில்லை, உண்மையான ஆச்சரியம். "போட்டுக்கிற நகைக்கு ஸக்காத்து உண்டா? யார் சொன்னா?"

இங்கே கொஞ்சம் ஊர்க்கதை சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு பொள்ளாச்சி. அத்தாவுக்குக் கொப்பரை வியாபாரம். நாங்கள் ராவுத்தர்கள், ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். புகுந்த வீடு கொழிஞ்சாம்பாறை. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போக வேண்டும். பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அது கேரளம், பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. ஆனால் கடைத்தெருவில் தமிழ்தான் ஓடும், தமிழ்வழிப் பள்ளிக்கூடம் இருக்கிறது, பிற்பாடு அப்படி ஒன்றில்தான் எனக்குக் கணக்கு டீச்சர் வேலையும் கிடைத்தது. மாமனார் குடும்பம் மாப்பிள்ளைமார், அதாவது மலையாள முஸ்லிம்கள். ஷாஃபிஈ மத்ஹப். வீட்டில் பாதி மலையாளம், பாதி தமிழ். எங்கள் கொங்குத் தமிழின் 'என்ற', 'உன்ற' அவர்களுக்கு வேற்று மொழியாகவே படவில்லை.

மத்ஹப் என்றால் என்னவென்று கேட்கும் நண்பர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: கடமைகள் ஒன்றுதான், அவற்றைச் செய்யும் சட்ட நுணுக்கத்தில் நான்கு பெரிய வழிகள். அவற்றில் இரண்டு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. கூஃபா நகரில் பட்டு வியாபாரம் செய்துகொண்டே சட்டம் சொன்னவர் இமாம் அபூ ஹனீஃபா. அவர் இறந்த அதே ஹிஜ்ரி 150-ல் காஸாவில் பிறந்தவர் இமாம் ஷாஃபிஈ. அரபுக் கடல் வணிகர்கள் வந்து இறங்கிய கடற்கரைகளில், மலபாரிலும் நம் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலும், ஷாஃபிஈ வழி ஊன்றியது. வடக்கிலிருந்து தரைவழியாக வந்த தொடர்பில் உள்நாட்டில் ஹனஃபி பரவியது. கடல் வழியும் தரை வழியும் சந்திக்க மலையில் ஓர் இடைவெளி வேண்டுமல்லவா? அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஆடி மாதத்தில் எங்கள் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியைப் பறக்கடிக்கும் காற்று எந்த வழியாக வருகிறதோ, அந்த வழியில்தான் என் கல்யாணமும் நடந்தது.

ஷாஃபிஈ சட்டத்தில், பெண் அணிந்துகொள்வதற்காக வைத்திருக்கும் அனுமதிக்கப்பட்ட நகைக்கு, வழக்கத்தை மீறிய அளவு இல்லையென்றால், ஜகாத் இல்லை. உடுத்தும் துணி, புழங்கும் பாத்திரம் போல அதுவும் உபயோகப் பொருள். ஹனஃபி சட்டத்தில் தங்கம் தங்கம்தான். கழுத்தில் இருந்தாலும் பெட்டியில் இருந்தாலும் அது வளரக்கூடிய செல்வம். இரண்டு பக்கமும் நபிமொழிகள், நபித்தோழர்களின் நடைமுறை, ஆயிரம் வருட விவாதம் என்று வரிசையாக ஆதாரங்கள் உண்டு.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உம்மா சொன்னதைக் கேட்டதும் எனக்கு மனசுக்குள் சந்தோஷம். ஆஹா, நானும் இந்த வீட்டுக்கு வந்துவிட்டேன், இனி நானும் ஷாஃபிஈ என்று சொல்லிவிட்டால் ஏழு கிராம் மிச்சம். இந்த வருடம் மட்டுமா? வருடா வருடம் ஏழு கிராம்!

என் கணவர், அவரை இக்கா என்று கூப்பிடுகிறேன், எங்கள் மஹல்லுப் பள்ளிவாசலில் மார்க்கம் சொல்லித்தரும் உஸ்தாதிடம் கேட்டுவந்தார். உஸ்தாத் ஷாஃபிஈ. நீ எங்களோடு சேர்ந்துகொள் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லி அனுப்பியது வேறு. மத்ஹப் மாறுவது குற்றமில்லை. ஆனால் எங்கே லேசாக இருக்கிறதோ அதை மட்டும் அங்கிருந்தும் இங்கிருந்தும் பொறுக்கி எடுப்பது கூடாது. ஒன்றின் சலுகையை எடுத்தால் அந்த விஷயத்தில் அதன் நிபந்தனையையும் சேர்த்து எடுக்க வேண்டும். "தங்கத்துக்காக மாறுகிறாளா, இல்லை தொழுகைக்கும் சேர்த்தா என்று கேளுங்கள்" என்றாராம்.

கேட்டதும் முகம் சுட்டது. கம்மலை விற்கவில்லை. இக்கா கைமாற்றாகக் கொடுத்த பணத்தில் கட்டினேன். டீச்சர் வேலை கிடைத்த பிறகு அந்தக் கடனைத் தீர்த்தேன். அதை அவர் வாங்கிக்கொண்டார் என்பதில்தான் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

அன்றிலிருந்து ரமலான் வந்தால் நகைப் பெட்டியைத் திறந்து, பேப்பரில் அன்றைய கிராம் விலையைப் பார்த்து, ஏழால் பெருக்குவது வழக்கம். நகை கூடவில்லை, குறையவில்லை. விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. 2025 ரமலானில் பவுன் அறுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அதே ஏழு கிராம், ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல். கல்யாணத்தன்று போட்ட அதே ஆரம், அதே வளையல். பத்து பைசா வருமானம் தராமல் பீரோவில் தூங்கும் பொருளுக்கு ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை எடுத்து வைக்கும்போது கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது. யாருக்குக் கொடுப்பது என்பதற்குக் குர்ஆனின் ஒன்பதாவது அத்தியாயம் எட்டு வகையினரைச் சொல்கிறது: ஏழைகள், வறியவர்கள், கடனாளிகள், வழிப்போக்கர்கள் என்று. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்க முடியாது. அவர்களைக் கவனிப்பது வேறு கடமை. கடனில் மூழ்கிய தூரத்துச் சொந்தம் ஒருத்திக்குத்தான் நான் பல வருடங்கள் கொடுத்தேன். ஜகாத் என்று சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை என்பது இதில் எனக்குப் பிடித்த சட்டம். மனசில் நிய்யத், அதாவது ஜகாத் என்ற எண்ணம், இருந்தால் போதும். வாங்குகிறவள் அன்பளிப்பு என்றே நினைத்துக்கொள்ளலாம்.

உம்மாவுக்கு ஜகாத்தே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பேத்தியின் கல்யாணத்துக்கென்று அவர் வருடா வருடம் தங்கக் காசு வாங்கி லாக்கரில் போட்டுவந்தார். காசு நகை அல்ல, சேமிப்பு. அதற்கு ஷாஃபிஈ சட்டத்திலும் ஜகாத் உண்டு. ஒரு ரமலான் மதியம் லாக்கர் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து, "நீ கணக்கு டீச்சர்தானே, இதையும் போட்டுத் தா" என்று உட்கார்ந்தார். அன்று இருவரும் ஒரே பேப்பரில் இரண்டு மத்ஹபுக்கும் வகுத்தல் போட்டோம்.

ஃபித்ரா விஷயத்தில் நடப்பது இன்னும் வேடிக்கை. பெருநாள் தொழுகைக்கு முன்பு ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டிய தர்மம் அது. எங்கள் பொள்ளாச்சி ஜமாஅத்தில் கோதுமை விலையைக் கணக்கிட்டு ஆளுக்கு இத்தனை ரூபாய் என்று அறிவித்துவிடுவார்கள். பணமாகக் கொடுத்தால் தீர்ந்தது. ஷாஃபிஈ சட்டத்தில் பணம் செல்லாது. ஊரில் முக்கிய உணவு எதுவோ அந்தத் தானியமாகவே, ஒரு ஸாஉ, சுமார் இரண்டரைக் கிலோ, கொடுக்க வேண்டும். பாலக்காடோ கேரளத்தின் நெற்களஞ்சியம். ஆகவே பிறை தெரிந்த இரவில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மட்டை அரிசி மூட்டை பிரியும். உம்மா அளந்து போட, பிள்ளைகள் பையில் கட்டி வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். ஷாஃபிஈ சட்டப்படி மனைவிக்கும் சேர்த்துக் கணவன்தான் ஃபித்ரா கொடுக்க வேண்டும். ஹனஃபி சட்டப்படி வசதியுள்ள மனைவி தனக்குத் தானே கொடுக்க வேண்டும். எனவே இருபது வருடமாக என் ஒரு தலைக்கு இரண்டு ஃபித்ரா: இக்கா கொடுக்கும் அரிசி, நான் கொடுக்கும் பணம். ஏழைக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அஸர், அதாவது பிற்பகல் தொழுகை, மட்டும் ரொம்ப நாள் இழுபறியாக இருந்தது.

நாளுக்கு ஐந்து நேரம், பதினேழு ரக்அத், அதாவது தொழுகைச் சுற்று, கடமை. அதில் சண்டையே இல்லை. அஸர் எப்போது தொடங்குகிறது என்பதில்தான். ஷாஃபிஈ கணக்கில், ஒரு பொருளின் நிழல் அதன் நீளத்துக்குச் சமமானதும் அஸர் வந்துவிடும். நண்பகலில் இருந்த நிழலைக் கழித்துக்கொள்ள வேண்டும். அபூ ஹனீஃபாவின் கணக்கில் நிழல் இரண்டு மடங்காக வேண்டும். இதை நான் பள்ளிக்கூடக் கொடிக்கம்பத்தில் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். பாலக்காட்டு அட்சரேகையில் வருடத்தில் இரண்டு முறை, சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி இரண்டாம் வாரத்திலும், சூரியன் நேர் உச்சிக்கு வரும். சித்திரையில் லீவு. ஆவணியில் பள்ளிக்கூடம் உண்டு. வெயில் இருந்தால், பன்னிரண்டரைக்குச் சற்று முன்பு கொடிக்கம்பத்துக்கு நிழலே இருக்காது. பிள்ளைகள் கத்துவார்கள். அப்புறம் நிழல் நீளத் தொடங்கும். மூன்றரை மணிக்குக் கொஞ்சம் முன்பு கம்பமும் நிழலும் ஒரே நீளம், சூரியன் 45 டிகிரியில். நாலே முக்கால் வாக்கில் நிழல் இரண்டு மடங்கு, சூரியன் இருபத்தாறு, இருபத்தேழு டிகிரியில். ஒன்றேகால் மணி நேர வித்தியாசம். மற்ற மாதங்களில் கொஞ்சம் குறையும். பத்தாம் வகுப்புக் கோணவியலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. பிள்ளைகளில் பாதிப்பேர் இந்துக்கள், சிலர் கிறிஸ்தவர்கள். அஸர் என்றெல்லாம் நான் சொல்வதில்லை, டேன் தீட்டா என்றுதான் சொல்வேன்.

வீட்டில் அது டேன் தீட்டாவாக இருக்கவில்லை. எங்கள் மஹல்லில் மூன்றே முக்காலுக்குப் பாங்கு சொல்லித் தொழுதுமுடிந்துவிடும். நான் ஸ்கூல் விட்டு வந்து, முகம் கழுவி, டீ போட்டுக் குடித்து, அஞ்சு மணிக்கு முசல்லாவை விரிப்பேன். உம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரமும் நிலை கொள்ளாது. "மோளே, அஸர் நிஸ்கரிச்சியா? நேரம் போகுதே" என்று மூன்று தடவை கேட்பார். இன்னும் என் நேரம் தொடங்கவே இல்லை உம்மா என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் காதில் அது சோம்பேறிப் பெண் சொல்லும் சாக்காகத்தான் விழுந்தது. ஒருநாள் அவருடைய தங்கையிடம், "பொள்ளாச்சிக்காரிக்குச் சூரியனும் மெதுவாகத்தான் போகும்" என்று சொன்னதைச் சமையலறையிலிருந்து கேட்டேன். அன்று கோபம். இப்போது நினைத்தால், நல்ல வாக்கியம்.

திருப்பிக் கொடுக்க எனக்கும் சந்தர்ப்பங்கள் வந்தன. சென்னைக்கு ரயிலில் போனோம். ஷாஃபிஈ சட்டத்தில் எண்பது கிலோமீட்டர் சொச்சத்துக்கு மேல் பயணம் போனால் மதியத் தொழுகையான லுஹரையும் அஸரையும் சேர்த்து ஒரே நேரத்தில், நாலு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். சுருக்குவது எங்களுக்கும் உண்டு. சேர்ப்பது மட்டும் ஹஜ்ஜில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர கிடையாது. அவர்கள் மதியமே இரண்டையும் முடித்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்தார்கள். நான் சாயங்காலம் தண்ணீர் பாட்டிலோடு ஆடிக்கொண்டே ரயில் கழுவுமிடத்துக்குப் போனேன். "எங்க மத்ஹபு சுகம் தெரிஞ்சுதா?" என்றார் உம்மா. சுகம்தான். ஆனால் அதே உம்மா, ஒளு, அதாவது தொழுகைக்கு முன்பு முகம் கைகால் கழுவும் சுத்தம், செய்துவிட்டு வரும்போது மாமனாரின் கை தப்பித் தவறிப் பட்டுவிட்டால் மறுபடி குழாயடிக்குப் போக வேண்டும். ஷாஃபிஈ சட்டத்தில் மணக்கக்கூடிய ஆணும் பெண்ணும், கணவன் மனைவியானாலும், தோல் நேராகப் பட்டால் ஒளு முறியும். எங்களுக்கு அப்படி இல்லை. எங்களுக்கு ரத்தம் கசிந்து வழிந்தால் முறியும். அவர்களுக்கு அது முறியாது. இதை உம்மாவே ஒரே வரியில் சொல்வார்: "உனக்குக் கத்தி பட்டா ஒளு போச்சு, எனக்கு மாப்பிள பட்டா ஒளு போச்சு."

இறால் விஷயமும் ஒன்று உண்டு. ஹனஃபி சட்டத்தில் கடலில் மீன் மட்டும்தான் ஆகும். இறால் மீனா இல்லையா என்று ஆலிம்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். பொள்ளாச்சி வீட்டில் சமைத்ததே இல்லை. இங்கே தேங்காய் அரைத்து வைப்பார்கள். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

நோன்பில் எங்களுக்குள் பெரிய பேதம் இல்லை. மாதவிலக்கு நாட்களில் நோன்பு இல்லை, பிறகு கழா, அதாவது விட்ட நோன்புக்கு ஈடு, வைக்க வேண்டும். விட்ட தொழுகையைத் திருப்பித் தொழ வேண்டியதில்லை. இரண்டு சட்டமும் இதில் ஒன்று. ஆனால் காரணமில்லாமல் கழாவை அடுத்த ரமலான் வரை தள்ளிப்போட்டால் ஷாஃபிஈகளுக்கு அபராதம் உண்டு. முதல் வருடம் உம்மா என்னை எச்சரித்தார்: "ஒரு நோம்புக்கு ஒரு முத்து, ஓர்மை வச்சுக்கோ." ஒரு நோன்புக்கு ஒரு முத்தா என்று நான் மலைத்துப்போனேன். அந்த மாதம் ஏழு நோன்பு விட்டிருந்தேன், ஒரு மூக்குத்திக்குப் போதுமான முத்து. பிறகுதான் அது அரபியில் ஒரு அளவின் பெயர், இரண்டு கையையும் சேர்த்து ஒருமுறை அள்ளும் அரிசி என்று தெரிந்தது.

நோன்பில் எங்களைப் பிரித்தது மத்ஹப் அல்ல, பிறை. கேரளத்தில் கடற்கரையில் பிறை தெரிந்தால் அங்குள்ள காஜிகள் அறிவிப்பார்கள். தமிழ்நாட்டுக்குச் சென்னையிலிருந்து தலைமைக் காஜி அறிவிப்பார். பல வருடங்கள் இரண்டும் ஒன்றாகவே வரும். சில வருடங்கள் வராது. 2024-ல் கேரளத்தில் ஏப்ரல் 10 பெருநாள். தமிழ்நாட்டில் அன்று முப்பதாவது நோன்பு. எங்களுக்குப் பெருநாளன்று நோன்பு வைப்பது ஹராம். அவர்களுக்கு அன்று நோன்பை விடுவது ஹராம். நாங்கள் புதுத்துணி, பிரியாணி எல்லாம் முடித்து, அம்மாவைப் பார்க்க வண்டியில் கிளம்பினோம். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினோம். பெருநாள் முடிந்து ரமலான் தொடங்கியது.

அம்மா வாடிய முகத்தோடு கதவைத் திறந்தார். அவருக்கு அப்போது எழுபது நெருக்கம். மதியம் மூன்று மணி, சித்திரை வெயில் வருவதற்கு முன்பே சித்திரை வெயில். என் மகன் வந்த வேகத்தில் ஃபிரிஜ்ஜைத் திறந்து ஜில்தண்ணீர் குடித்துவிட்டு, பாட்டி முகத்தைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தான். "குடி சாமி, உனக்குப் பெருநாள்தானே" என்றார் அம்மா. நாங்கள் கொண்டுபோன பிரியாணி மூடியபடியே இருந்தது. மஃரிப் பாங்கு சொன்னதும் அம்மா பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்தார். பள்ளிவாசலிலிருந்து தம்பி தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வாங்கிவந்தான். பெருநாள் புடவையில் உட்கார்ந்து நோன்புக் கஞ்சி குடித்தது அந்த ஒருமுறைதான்.

சட்ட நூல்களில் தூர ஊர்களின் பிறை பற்றி விரிவாக விவாதம் இருக்கிறது. பிறை உதிக்கும் இடம் வேறுபடுமா, எவ்வளவு தூரத்தில் வேறுபடும் என்றெல்லாம். இந்த இரண்டு ஊருக்கும் வானம் வேறுபட வழியே இல்லை. பழைய கொச்சி ராஜ்ஜியத்துக்கும் சென்னை மாகாணத்துக்கும் நடுவே இருந்த எல்லைதான் இங்கே இன்று மாநில எல்லை. மாநில எல்லைக்குப் போட்ட கோட்டைப் பார்த்து எங்கள் பிறை தெரிகிறது என்பதை நான் சிரித்துக்கொண்டு சொன்னாலும், அம்மா வாடிப்போய் நின்றது எனக்குச் சிரிப்பாக இல்லை. உள்ளூர் ஜமாஅத்தோடு நிற்பதுதான் ஒழுங்கு என்பார் அத்தா. அதற்கும் மேல் அவர் பேசமாட்டார்.

ஹஜ். 2019-ல் உம்மாவுக்கு ஹஜ் கமிட்டி குலுக்கலில் பெயர் விழுந்தது, கூட இக்கா. எங்கள் நன்னா, அதாவது தாத்தா, பம்பாய் போய்க் கப்பலேறி ஹஜ் செய்தவர். அந்தக் கப்பல் பயணம் 1995-லேயே நின்றுபோனது. இவர்களுக்குக் கரிப்பூரில் விமானம்.

போவதற்கு ஒன்றரை மாதம் முன்பு ஹஜ் வகுப்புக்குப் போய்வந்த உம்மா யோசனையாக இருந்தார். இரவு சாப்பாடு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"மோளே, உங்க ஒளு எப்படி?"

புரியவில்லை. விளக்கினார். கஅபாவை ஏழு சுற்று சுற்றும் தவாஃபுக்கு ஒளு அவசியம். லட்சக்கணக்கான ஆணும் பெண்ணும் நெருக்கியடிக்கும் இடம். யார் கை யார் மேல் படாமல் ஏழு சுற்று சுற்ற முடியும்? ஷாஃபிஈ சட்டப்படி பட்டால் ஒளு முறியும். மறுபடி கூட்டத்தைப் பிளந்து வெளியே போய் ஒளு செய்து வர வேண்டும். முழங்கால் வலிக்காரி எத்தனை தடவை போவார்? ஆகவே வகுப்பில் உஸ்தாத் சொல்லியிருக்கிறார்: தவாஃபில் இந்த ஒரு விஷயத்துக்கு ஹனஃபி சட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்தால் ஒளுவையும் ஹனஃபி நிபந்தனைப்படி செய்திருக்க வேண்டும்.

கொல்லைக் குழாயடியில் முக்காலி போட்டு உட்காரவைத்தேன். முகம், முழங்கை வரை கை, எல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். தலை வந்தது. உம்மா வழக்கம்போல நனைந்த விரல்நுனியை முக்காட்டுக்குள் விட்டு முன்தலை முடியைத் தொட்டு எடுத்தார். ஷாஃபிஈக்குச் சில முடிகள் நனைந்தாலும் கடமை நிறைவேறிவிடும்.

"அது போதாது உம்மா. எங்களுக்குத் தலையில் கால்பங்கு."

"காலா? எதுவரைக்கும் கால்?"

கணக்கு டீச்சரிடம் கேட்கக்கூடாத கேள்வி. முக்காட்டை இறக்கச் சொல்லி, என் கையை நனைத்து, நெற்றி வகிட்டிலிருந்து உச்சிக்குக் கொஞ்சம் முன்பு வரை வைத்துக் காட்டினேன். வெள்ளி முடி, எண்ணெய் வாசம். பதினைந்து வருடத்தில் அவர் தலையில் நான் கை வைத்தது அதுதான் முதல் தடவை. "இதுதான் நாலில் ஒன்று. சந்தேகமே வேண்டாமென்றால் தலை முழுக்கத் தடவிவிடுங்கள், அது இரண்டு பேருக்கும் சுன்னத்து, நபிவழிதான்."

நாலைந்து முறை செய்து பார்த்தார். எழுந்திருக்கும்போதுதான் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. "உம்மா, ரத்தம் வந்து வழிந்தால் இந்த ஒளு போய்விடும், தெரியும்தானே?"

அவர் தன் குதிகாலைப் பார்த்தார். வயல் வரப்பில் நடந்து நடந்து பாளம் பாளமாக வெடித்த கால். நடந்தால் கசியும். இத்தனை வருடம் அந்த ரத்தத்தால் அவர் ஒளுவுக்கு எந்தக் கேடும் வந்ததில்லை. இனி வரும்.

"அல்லாஹ்வே, இது எனக்குத் தோணலியே" என்றார்.

அன்றிலிருந்து கிளம்பும் நாள் வரை, இரவு இஷா தொழுததும் வெந்நீரில் கால் ஊறவைத்து, தேங்காயெண்ணெயில் மெழுகு காய்ச்சித் தடவி, பழைய சாக்ஸ் மாட்டிக்கொண்டு படுத்தார். பல்லாண்டு கவனிக்காத கால் ஒன்றரை மாதத்தில் குழந்தைக் காலாகவில்லை, ஆனால் வெடிப்பு மூடிவிட்டது. எல்லோரும் கேலி செய்தோம். அவர் கண்டுகொள்ளவில்லை.

ஜூலையில் ஒருநாள் மக்காவிலிருந்து போன். நான் அப்போதுதான் ஸ்கூல் விட்டு வந்து டீ வைத்திருந்தேன், மணி நாலே கால் இருக்கும். முதலில் இக்கா பேசினார், கூட்டம், வெயில், சாப்பாடு. பிறகு உம்மாவின் குரல். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், ஆனால் சத்தம் கணீரென்று இருந்தது.

"ஏழு சுத்தும் முடிஞ்சுது மோளே. எத்தனை பேர் இடிச்சாங்க தெரியுமா? உன்ற ஒளு நின்னுச்சு."

"காலு?"

"ஒரு சொட்டு வரலை." கொஞ்சம் நிறுத்தினார். "அங்க மணி நாலு தாண்டிருக்குமே. அஸர் நிஸ்கரிச்சியா?"

"இல்ல உம்மா. இன்னும் நேரம் ஆகல."

"ஆமாமா," என்றார், "உனக்கு நேரம் ஆகல." சிரித்துக்கொண்டே போனை மகனிடம் கொடுத்தார்.